தியானத்தில் வந்த முதியவர்: தாவோ வழியில் இருப்பவர்கள் தேவர்களோடு எப்படிப் பழகுகிறார்கள்?

பாயலேபார்வாசி எழுதியது:

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 43. சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தைச்சி சொல்லித்தரும் ஒரு சீனப் பெரியவரிடம் ஆறு வருடமாகப் பயிற்சி. முதல் இரண்டு வருடம் வெறும் நிற்பதுதான். மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி கையை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம். அப்புறம்தான் உட்காரவே விட்டார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை உட்கார்ந்திருந்தபோது, மூடிய கண்ணுக்குள் ஒரு மூங்கில் புதர் தெரிந்தது. அதன் நடுவே ஒரு முதியவர். வெள்ளைப் புருவம் கண்ணுக்கு மேல் தொங்கியது. பழுப்பு அங்கி. ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நாள் பழகியவர் மாதிரி லேசாகத் தலையசைத்தார். கண் திறந்த பிறகும் நெஞ்சு நிறைந்தே இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்தார்.

வாத்தியாரிடம் சொன்னேன். “பார்த்தாயா? சரி. மூச்சைக் கவனி” என்றார். அவ்வளவுதான். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. வேலையிடத்து நண்பர் ஒருவர், சாமி வந்து வாக்குச் சொல்பவர் (தாங்கி என்பார்கள்) இருக்கும் ஒரு வீட்டுக் கோவிலுக்கு அழைத்துப் போனார். “ஒரு தேவர் உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், சிலை வைத்துக் கண் திறக்க வேண்டும், செய்யாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது” என்று அங்கே சொன்னார்கள். கேட்ட தொகை என்னுடைய ஒன்றரை மாதச் சம்பளம்.

நான் தினமும் முருகனைக் கும்பிடுகிறவன். அந்த முதியவரைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அவமரியாதை ஆகுமா? வாத்தியார் பின்பற்றும் சீனர்களின் தாவோ மரபு இதற்கு என்ன சொல்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மூங்கில்குருத்து எழுதியது:

வாங்க. முதலில் ஒன்று: அந்தப் பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். உங்கள் அனுபவத்தை நான் சந்தேகப்படவில்லை. இந்த மரபு எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

கி.பி. 142-இல் சிச்சுவானில் ஹெமிங் மலையில் ஜாங் தாவோலிங் என்பவருக்குத் தாய்ஷாங் லாவோஜுன் (தாவோ வழியின் ஆதி ஞானி லாவோட்சு, தேவ வடிவில்) காட்சி கொடுத்தார் என்பது மரபு. அங்கிருந்துதான் ‘விண்ணக ஆசான்கள்’ வழி பிறந்தது. அன்றைக்கு ஊரெல்லாம் ஆடும் பன்றியும் வெட்டி, சாராயம் ஊற்றித்தான் தெய்வங்களை வணங்கினார்கள். இவர்கள் அதை நிறுத்தினார்கள். ‘தூய உடன்படிக்கை’ என்று ஒன்று வைத்தார்கள். அதில் இரண்டே வரி: தேவர்கள் உண்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை, ஆசான் பணம் வாங்குவதும் இல்லை. சமூகத்தில் சேர்ந்த குடும்பம் ஐந்து தௌ அரிசி கொடுத்தது, அந்தக் கால அளவில் சுமார் பத்து லிட்டர். அதனால்தான் ‘ஐந்து தௌ அரிசி வழி’ என்று பெயரே வந்தது.

அந்த இரண்டு வரியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உயர்ந்தவர்களுக்கு நம்மிடமிருந்து வாங்கித் தீர வேண்டியது எதுவும் இல்லை என்றால், லஞ்சமும் போச்சு, மிரட்டலும் போச்சு. மிச்சம் இருப்பது நம் நடத்தை மட்டும்தான்.

ஒருவருக்கு நோய் வந்தால் என்ன செய்தார்கள் தெரியுமா? அவரை ஒரு தனி அறையில் உட்காரவைத்துத் தான் செய்த தவறுகளை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு அவர் பெயரும் மன்னிப்புக் கேட்பதும் எழுதிய ஓலை மூன்று படி தயாராகும். ஒன்று வானத்துக்கு, மலைமேல் வைப்பார்கள். ஒன்று பூமிக்கு, மண்ணில் புதைப்பார்கள். ஒன்று தண்ணீருக்கு, ஆற்றில் அமிழ்த்துவார்கள். வானம், பூமி, தண்ணீர் என்ற மூன்று தெய்வ அதிகாரிகளுக்கும் மனு போய்ச் சேர்ந்துவிட்டது. தேவர்களிடம் போகும் வழி, உண்மையை ஒப்புக்கொண்டு எழுதிய ஒரு தாள்.


தைப்பிங்கார் எழுதியது:

மூங்கில் அண்ணா சொல்வதைப் படித்தேன். ஆனால் தாங்கிகளை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். மலேசியாவில் ஒன்பதாம் சீன மாதத்தில் ஒன்பது அரசர் விழா நடக்கும்போது எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் வெள்ளை உடுப்புப் போட்டு, ஒன்பது நாளும் சைவம் சாப்பிட்டு, செருப்பில்லாமல் நடப்பார். அவர் மேல் சாமி வரும். யாரிடமும் ஒரு காசு வாங்க மாட்டார். கடற்கரையில் தேவர்களை வரவேற்கக் காத்திருக்கும் கூட்டத்தில் சின்ன வயதில் நானும் நின்றிருக்கிறேன். இருட்டு, அலை, எல்லோர் கையிலும் பத்தி. ஒருவரும் பேச மாட்டார்கள். என் அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கும்பிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.


மூங்கில்குருத்து எழுதியது:

தைப்பிங் தம்பி, நீங்கள் சொல்வது சரி. நான் குறை சொன்னது மிரட்டிப் பணம் கேட்பதை. உங்கள் பக்கத்து வீட்டு அங்கிளை நான் கும்பிடுவேன்.

அந்த விழாவின் தாய்த் தெய்வம் தௌமு, சப்தரிஷி மண்டலத்து நட்சத்திரங்களின் அம்மா. பல கை கொண்டவள். இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போன மாரீசி தேவியோடு அவளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நேஜா என்ற சிறுவன் தெய்வமும் அப்படித்தான். குபேரன் மகன் நளகூபரன் பெயர்தான் சீன வாயில் அப்படி ஆனது. முருகனைக் கும்பிடுகிறவர் அந்தப் பக்கம் போகலாமா என்ற கேள்விக்கு இதில் பாதி பதில் இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் ஊரிலேயே இருக்கிறது: துவா பெக் கோங் என்ற சீனத் தெய்வத்துக்கான லோயாங் கோவிலில் ஒரே கூரையின் கீழ் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் ஒரு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். தாங்கி மேல் தேவர் இறங்கி வருகிறார். தாவோ குரு (தாவோஷி) மேலே போகிறார். அவர் தன் நினைவை விடுவதே இல்லை. அவருக்குத் தீட்சையின்போது ஒரு பதிவேடு தருவார்கள். அவர் யார் யாரை அழைக்கலாம் என்று தேவர்கள், படைத்தலைவர்கள் பெயர் அதில் இருக்கும். பழைய முறையில் சின்னப் பிள்ளைக்கே ஒரு படைத்தலைவர் உள்ள பதிவேடு கிடைக்கும். வளர வளர பத்து, 75, கடைசியில் 150. ஒழுக்கம் கூடக் கூட உங்களோடு நிற்பவர்களும் கூடுவார்கள். அவர் சடங்கில் நின்று ஒரு மனுவை முறைப்படி எழுதி, வாசித்து, எரிக்கிறார். நம் ஊரில் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதத் தெரிந்த பெரியவரை எல்லோரும் தேடிப்போவார்களே, அந்த இடம்தான் அவருக்கு.


வெறுங்கிண்ணம் எழுதியது:

எனக்கு இது எல்லாமே பிற்காலச் சேர்க்கையாகப் படுகிறது. லாவோட்சு எழுதியதாகச் சொல்லப்படும் மூல நூல் தாவோ தே ஜிங்கைத் திறந்து பாருங்கள். நான்காம் பகுதியில் தாவோ மேலுலக ஆண்டவனுக்கும் முற்பட்டது போலிருக்கிறது என்று வருகிறது. ஐந்தாம் பகுதியில் வானமும் பூமியும் எல்லாவற்றையும் வைக்கோல் நாய் போல நடத்துகின்றன என்கிறார், அதாவது சடங்கு முடிந்ததும் தூக்கிப் போடும் பொம்மை. அறுபதாம் பகுதியில், தாவோவின்படி உலகம் நடந்தால் ஆவிகளுக்குச் சக்தியே இருக்காது என்கிறார். இதில் கும்பிட எங்கே இடம்?

நானும் பதினைந்து வருடமாக உட்காருகிறேன். ஒளி வந்தது, வாசனை வந்தது, ஒரு தடவை யாரோ தோளைத் தொட்டார்கள். எல்லாம் மூச்சின் வேலை. தாங் அரச வம்ச காலத்துத் தாவோ ஆசான் சிமா செங்ஜென் ‘உட்கார்ந்து மறத்தல்’ பற்றி எழுதியதில் ஏழு படி வைத்தார். தொடர்புகளை அறுப்பது, மனத்தைத் திரட்டுவது, காரியங்களைக் குறைப்பது என்று போகும். தேவரைச் சந்திப்பது என்று ஒரு படியே இல்லை. பாயலேபார் அண்ணாவின் வாத்தியார் சொன்னதே போதும்.


மூங்கில்குருத்து எழுதியது:

வெறுங்கிண்ணம், அந்த ஏழில் முதல் படி என்ன? அதை விட்டுவிட்டீர்கள். ‘பணிவும் நம்பிக்கையும்.’ அது இல்லாமல் மற்ற ஆறும் நிற்காது என்றுதான் அவர் தொடங்குகிறார். அவரே ஷாங்ச்சிங் மரபின் பெரிய ஆசான். அந்த மரபு முழுவதுமே தேவர்களோடு பழகிய மரபு.

அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 364 முதல் சில ஆண்டுகள், தென் சீனாவில் யாங் ஷி என்பவருக்கு இரவுகளில் மேலுலகத்தார் வந்து பாடம் சொன்னார்கள். முக்கியமாக வந்தவர் வெய் ஹுவாசுன் அம்மையார். அவர் 334-இல் மறைந்த பெண். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், விதவை வாழ்க்கை எல்லாம் பார்த்தவர். குரு ஸ்தானத்தில் வந்தது அவர்தான். பிற்பாடு தாவோ ஹொங்ஜிங் (456–536) மாவோஷான் மலையில் இருந்து அந்தக் கையெழுத்துத் தாள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். இன்னார் கையெழுத்து, இது எழுத்துப் பிழை, இது பிறர் சேர்த்தது என்று ஒரு தமிழ்ச் சுவடிப் பதிப்பாசிரியர் போலக் குறிப்பு எழுதி வைத்தார்.

அதில் 365-ஆம் ஆண்டு ஓர் இரவு. அன் என்ற இளம் தேவமங்கை முதல் தடவை வருகிறாள். கையில் மூன்று இலந்தைப் பழம். சாதாரணப் பழத்தைவிடப் பெரிது, உள்ளே கொட்டை இல்லை, ருசி பேரிக்காய் மாதிரி. ஒன்றை யாங்கிடம் கொடுக்கிறாள், ஒன்றைத் தன்னோடு வந்த மூத்த தேவிக்கு, ஒன்றைத் தானே வைத்துக்கொள்கிறாள். மூவரும் சாப்பிடுகிறார்கள். பிறகு அவள் கவிதை சொல்ல, யாங் எழுதுகிறார். மேலுலகத்தார் மனிதரின் எழுத்தில் தம் கைப்பட எழுதுவதில்லை, அதனால் எழுதும் வேலை இவருக்கு.

நான் முதலில் இதைப் படித்த அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. பெரிய ஒளி, இடி, கட்டளை ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி கொண்டுவந்த பழத்தைப் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. தாவோ வழியில் உயர்ந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். அவர்களில் பலர் ஒரு காலத்தில் நம்மைப் போல உட்கார்ந்து கால் மரத்துப்போனவர்கள். சியென் (சித்தி அடைந்தவர்) என்ற சொல்லுக்குள் அதுதான் இருக்கிறது. அதே பாதையில் முன்னால் போய்விட்ட மூத்தவர்கள். அதனால் மரியாதை உண்டு, அச்சம் வேண்டாம்.

இன்னொன்று. அதே மரபில் தேவர்கள் உடம்புக்குள்ளும் இருக்கிறார்கள். மஞ்சள் முற்றத்து நூல் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு தேவர் பெயர் சொல்லும். இதயத்தில் தான்யுவான், நுரையீரலில் ஹாவ்ஹுவா, கல்லீரலில் லோங்யான். பெயர், உடை நிறம் எல்லாம் தெரிந்து, ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் மனக்கண்ணால் இருத்த வேண்டும். நியாசம் (மந்திரம் சொல்லி உடம்பின் ஒவ்வோர் இடத்திலும் தெய்வத்தை இருத்துவது) செய்து பழகியவர்களுக்கு இது உடனே புரியும். மனம் அலைந்தாலோ, கோபத்திலும் குடியிலும் உடம்பு கலங்கினாலோ அவர்கள் வீட்டை விட்டுப் போய்விடுவார்கள். ஆக, “மூச்சைக் கவனி” என்று வாத்தியார் சொன்னதைத் தேவர்களை ஒதுக்கச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். வீட்டைச் சுத்தமாக வை என்று சொல்லியிருக்கிறார்.


வெறுங்கிண்ணம் எழுதியது:

முதல் படியை விட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்: வந்தவர் உயர்ந்தவர்தான் என்று எப்படித் தெரியும்? மனம் ஆசைப்பட்டதையே மனம் காட்டும். இந்த ஒரு இடத்தில்தான் நல்ல சாதகர்கள் பலர் வழுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். என்னோடு பயின்ற ஒருவர் “எனக்குள் பேசுகிறார்கள்” என்று தொடங்கி, வேலையை விட்டு, மனைவியை விட்டு, கடைசியில் மருத்துவமனையில் கிடந்தார். அவர் நல்லபடியாகத் தேறி வர இரண்டு வருடம் ஆயிற்று. அதனால்தான் நான் கடுமையாகப் பேசுகிறேன். பாயலேபார் அண்ணா, குரல் கட்டளையிடத் தொடங்கினாலோ, தூக்கம் கெட்டாலோ, முதலில் டாக்டரைப் பாருங்கள். கோவில் அப்புறம்.


மூங்கில்குருத்து எழுதியது:

இதில் நமக்குள் ஒரு வேறுபாடும் இல்லை. அந்த டாக்டர் வரியை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

யார் வந்தவர் என்ற கேள்வி பழையது. கெ ஹொங் (283–343) என்ற தாவோ நூலாசிரியர் மலைக்குத் தவம் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: ஒன்பது அங்குலத்துக்கு மேல் அகலமான கண்ணாடியை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு போ. மனித உருவில் வருபவர் கிழட்டு மிருக ஆவி என்றால் கண்ணாடியில் சொந்த உருவம் தெரிந்துவிடும். அது திரும்பிப் போகும்போது கண்ணாடியைத் திருப்பிப் பார். குதிகால் இல்லை என்றால் ஆவி, இருந்தால் மலைத்தெய்வம். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று நம் பாட்டிகள் சொன்னது ஞாபகம் வருகிறதா?

பிற்காலத்தார் அந்தக் கண்ணாடியை உள்ளே வைத்துக்கொண்டார்கள். சியென்களில் பேர்போன லூ தொங்பின் கதைதான் எனக்கு இதில் எல்லாவற்றிலும் பெரியது. அவருடைய குரு ஜொங்லி ச்சுவான் அவரைப் பத்துத் தடவை சோதித்தார். ஒரு சோதனையில் சந்தையில் சரக்கு விற்கிறார்; விலை பேசி முடித்தபின் வாங்கியவன் பாதிப் பணம்தான் தருவேன் என்கிறான்; லூ ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போகிறார். இன்னும் எத்தனையோ. எல்லாம் தேறியபின் குரு, இரும்பைப் பொன்னாக்கும் வித்தை சொல்லித்தருகிறேன் என்கிறார். லூ கேட்கிறார்: “அந்தப் பொன் மறுபடி மாறுமா?” “3,000 ஆண்டு கழித்து இரும்பாகிவிடும்.” (சில பாடங்களில் 500 என்று வரும்.) “அப்படியானால் அன்றைக்கு அதை வைத்திருப்பவன் ஏமாந்துபோவானே. எனக்கு வேண்டாம்.” குரு சிரித்துவிட்டு, உன் புண்ணியக் கணக்கு இந்த ஒரு நினைப்பிலேயே நிறைந்தது என்றாராம்.

முகம் தெரியாத, இன்னும் பிறக்காத ஒருவனுக்காகத் தங்கத்தை வேண்டாம் என்றவனோடுதான் தேவர்கள் பழகுகிறார்கள். கெ ஹொங்கும் கணக்கே வைத்தார்: பூமியில் உலவும் சியென் ஆக 300 நல்ல செயல், விண்ணுலகத்தார் ஆக 1,200. 1,199 செய்துவிட்டு ஒரு தீமை செய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே பாயலேபார் தம்பி, அந்த முதியவர் வந்துபோன பிறகு நீங்கள் வீட்டில் எப்படி இருக்கிறீர்கள்? மனைவி, பிள்ளையிடம் பேச்சு மென்மையாகியிருக்கிறதா, இல்லை “என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்” என்ற நினைப்பு ஏறியிருக்கிறதா? நான் பார்க்கும் கண்ணாடி அதுதான்.

உள்ரசவாதம் (மூச்சையும் மனத்தையும் கொண்டு உடம்புக்குள்ளேயே செய்யும் சாதனை) செய்பவர்களுக்குத் தேவர்கள் வேண்டாம் என்றும் நினைக்க வேண்டாம். வாங் சோங்யாங் 1159-இல் கான்ஹே என்ற ஊரில் ஒரு சியெனைச் சந்தித்தபின்தான் எல்லாவற்றையும் விட்டார். அவர் தொடங்கிய முழுமை வழியின் துறவிகள் இன்றைக்கும் பெய்ஜிங்கின் வெண்மேகக் கோவிலில் காலையும் மாலையும் தேவர்கள் முன் ஓதுகிறார்கள். உட்காருவதும் அங்கேயே.


தைப்பிங்கார் எழுதியது:

ஒரு சின்னச் சந்தேகம். கோவிலில் பாதிநிலா மாதிரி இரண்டு சிவப்பு மரத்துண்டைப் போட்டுக் கேட்பார்களே, அதை இந்த விஷயத்துக்குக் கேட்கலாமா? எங்கள் ஊர் அம்மன் கோவிலில் பூ வைத்துக் கேட்பது போலத்தானே?


மூங்கில்குருத்து எழுதியது:

அதேதான். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. ஒன்று தட்டையும் ஒன்று மேடுமாக விழுந்தால் ஆமாம். இரண்டும் தட்டை மேலே இருந்தால் தேவர் சிரிக்கிறார், கேள்வியைச் சரியாகக் கேள். இரண்டும் மேடு என்றால் இல்லை. கேட்பதற்கு முன் பெயர், பிறந்த நாள், வீட்டு முகவரி மூன்றையும் சொல்வார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். நான் இன்னான், இன்ன வீட்டிலிருந்து வருகிறேன் என்று அறிமுகம் செய்துகொண்டுதானே பெரியவர்களிடம் பேச வேண்டும். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டு நமக்குப் பிடித்த பதிலை வரவழைக்கக் கூடாது.


பாயலேபார்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாக எழுதாததற்கு மன்னியுங்கள்.

மூங்கில் அண்ணா கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்கிறேன். அந்த வீட்டுக் கோவிலுக்குப் போய் வந்த பிறகு நான் வீட்டில் கடுகடுவென்றுதான் இருந்தேன். “உங்களுக்கு என்ன ஆச்சு?” என்று மனைவி இரண்டு தடவை கேட்டிருந்தாள். ஆனால் அதற்கு முன், முதியவர் முதல் தடவை வந்த அன்று, நாலு வருடமாகப் பேசாத என் அண்ணனுக்கு நானாகப் போன் செய்தேன். ஏன் செய்தேன் என்று அப்போது தெரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே விளங்கிவிட்டது. பணம் கொடுக்கவில்லை. டாக்டரையும் பார்த்தேன். தூக்கம், சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டு இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, மாற்றம் தெரிந்தால் வாருங்கள் என்றார்.

லோயாங் கோவிலுக்குப் போனேன். பிள்ளையார் முன் நின்றுவிட்டு, துவா பெக் கோங் முன் மூன்று பத்தி ஏற்றி, பெயர், பிறந்த நாள், புளோக் நம்பர், வீட்டு நம்பர் எல்லாம் தமிழிலேயே சொன்னேன். மரத்துண்டைத் தொடவில்லை. வந்தவர் யாராக இருந்தாலும் என் வணக்கம், அண்ணனோடு பேச வைத்ததற்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் இதையெல்லாம் வாத்தியாரிடம் சொன்னேன். அவர் வீட்டுக்கு முதல் தடவையாகக் கூப்பிட்டார். ஆறு வருடத்தில் அவர் வீட்டுப் படியை நான் மிதித்ததே இல்லை. சமையலறை ஓரம் ஒரு சின்னப் பலகை, அதில் அவருடைய குருவின் மங்கிய படம், முன்னால் ஒரு தேநீர்க் கோப்பையில் வெறும் தண்ணீர். அலமாரியிலிருந்து அதே மாதிரி இன்னொரு கோப்பையை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார். விளிம்பில் ஒரு சின்ன உடைசல். “உன் சாமி முன்னால் வை. காலையில் வெளிச்சம் வருமுன் தண்ணீர் மாற்று. நூறு நாள். ஒன்றும் கேட்காதே” என்றார்.

முருகன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஆறாம் நாள். முதியவர் வரவில்லை.


வெறுங்கிண்ணம் எழுதியது:

பழைய தண்ணீரைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், செடிக்கு ஊற்றுங்கள். நானும் நாளையிலிருந்து ஒரு கோப்பை வைக்கிறேன்.